கேட்பதற்கு முன் எழுதிப் பார்ப்போம்

சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்து, உயர்தரத்துக்குப் பாடங்களைத் தெரிவு செய்யும் நாட்களில் எமது வீடுகள் பலவற்றில் ஒரே கேள்வி எழுகின்றது. “ஐசிடி எடுத்து என்ன செய்யப் போற மகள்? கம்பியூட்டருக்கு எழுதுற வேலைய இப்ப கம்பியூட்டரே செய்யுதாம் தானே” என்று வாப்பாமார் கேட்கின்றனர். வகுப்பறையில் தோழியர் அதையே வேறு விதமாகக் கேட்கின்றனர். “ஒரு நிமிசத்தில ஏஐ எழுதித் தாறத நாங்க ஏன் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதணும்?”

இக்கேள்விகளை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. ஜெமினி, கிளோட், கோபைலட் என்று வேறு பலவும் இன்று அதனோடு சேர்ந்து நிற்கின்றன. “மூன்று பாடப் புள்ளிகளை வாங்கிச் சராசரி காட்டும் பைத்தன் செய்நிரல் ஒன்று தா” என்று தமிழில் தட்டச்சுச் செய்தால் போதும். சில வினாடிகளில் முழுச் செய்நிரலும் திரையில் வந்து விழுகின்றது. பெரும்பாலும் அது சரியாகவே ஓடுகின்றது.

அப்படியானால் நாம் ஏன் படிக்க வேண்டும்? இரண்டு வருடமாக இப்பாடத்தைப் படிக்கும் மாணவி என்ற வகையில் என் கருத்து இதுதான். இக்கருவிகள் வந்ததால் செய்நிரலாக்கம் படிக்கும் தேவை குறையவில்லை. தமிழ் மொழிமூலம் படிக்கும் எமக்கு இவை முன்பு கிடைக்காத பெரிய உதவி. ஆனால் அந்த உதவி ஓர் ஒழுங்கில் வந்தால்தான் பயன் தரும். முதலில் நாம் எழுத வேண்டும், பிறகு கேட்க வேண்டும். ஒழுங்கு மாறினால் செய்நிரல் எம் கையில் இருக்கும், அறிவு இருக்காது.

கணினிக்குச் சொல்லுதல்

செய்நிரலாக்கம் என்றதும் பலரின் மனதில் கறுப்புத் திரையும் புரியாத ஆங்கில எழுத்துக்களும்தான் தோன்றுகின்றன. உண்மையில் எழுதுவது அதன் கடைசிப் பகுதி. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எது முதலில், எது அடுத்தது, எந்த நிபந்தனையில் எது, எத்தனை தடவை எது என்று தீர்மானிப்பதுதான் முதற் பகுதி. தொடர்ச்சி, தெரிவு, மீள்செயல் என்று பாடநூலில் படிக்கின்றோமே, அந்த மூன்றுக்குள் எவ்வளவு பெரிய மென்பொருளும் அடங்கிவிடும்.

இப்படிப் படிபடியாகத் தீர்வு காணும் முறைக்கு ஆங்கிலத்தில் அல்கோரிதம் என்று பெயர். அப்பெயர் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அட்சரகணிதத்தின் ஆங்கிலப் பெயரான அல்ஜிப்ராவும் அவருடைய நூலின் தலைப்பில் உள்ள ‘அல் ஜப்ர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததே. அந்நூலின் பெரும் பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். ஒருவர் மௌத்தானால் அவருடைய சொத்தை யார் யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்பதில் எத்தனை ‘இருந்தால்’, எத்தனை ‘இல்லாவிட்டால்’! மனைவி இருந்தால் ஒரு கணக்கு, பிள்ளைகளும் இருந்தால் வேறு கணக்கு. கணினி பிறப்பதற்கு ஆயிரம் வருடங்களுக்கு மேல் முன்பே மனிதர் நிபந்தனைகளை ஒழுங்குபடுத்தி எழுதிப் பழகியிருக்கின்றனர். நாம் படிப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

எந்த மொழியில் தொடங்குவது?

ஆரம்பநிலையில் உள்ளவருக்கு வாசலைத் தாழ்த்திக் கொடுக்கும் முயற்சி நெடுநாளாக நடந்து வருகின்றது. அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த கிரேஸ் ஹொப்பர் என்ற பெண்மணி 1952 ஆம் ஆண்டில் தொகுப்பி ஒன்றை உருவாக்கினார். எண்களால் மட்டுமன்றிச் சாதாரண ஆங்கிலச் சொற்களாலும் கணினிக்குக் கட்டளையிட முடிய வேண்டும் என்று வாதாடியவர் அவர். 1959 இல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழிக்கு அவருடைய சிந்தனையே அடித்தளம். 1964 இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழி பிறந்தது. கணிதமோ விஞ்ஞானமோ படிக்காத மாணவரும் கணினியைப் பாவிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1967 இல் சிறுவர்களுக்கென லோகோ மொழி வந்தது. அதை உருவாக்கிய மூவரில் சிந்தியா சொலமன் என்ற பெண்ணும் ஒருவர். ‘முன்னே போ, வலப்பக்கம் திரும்பு’ என்று ஓர் ஆமைக்குச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் சதுரமும் நட்சத்திரமும் வரைந்தனர். 1970 இல் சுவிட்சர்லாந்தின் நிக்லஸ் விர்த், மாணவருக்கு நல்ல பழக்கத்தைக் கற்பிக்கவென்றே பஸ்கால் மொழியை வெளியிட்டார். சாதாரண தரத்தில் நாம் படித்த பஸ்கால் அதுதான்.

இன்று ஆரம்பிப்பவருக்கு என் பரிந்துரை இரண்டு. ஆறாம், ஏழாம் வகுப்பில் உள்ள தங்கைமாருக்கு ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் 2007 இல் வெளியிட்ட இதில் கட்டளைகள் வர்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. பொருந்தாத கட்டை பொருந்தாது.

எம் வயதினருக்குப் பைத்தன். நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ரொஸ்ஸம் 1991 இல் வெளியிட்ட மொழி இது. பலரும் நினைப்பதுபோல் பெயர் மலைப்பாம்பிலிருந்து வரவில்லை. பிரித்தானிய நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று ஒரு வரியைத் திரையில் காட்டுவதற்கு ஜாவா மொழியில் பொதுவாக வகுப்பு, பிரதான செயல், அடைப்புக்குறிகள் என்று பல வரிகள் எழுதப்படும். பைத்தனில் ஒரே வரி. உயர்தரப் பாடத்திட்டத்திலும் பைத்தன்தான் இருக்கின்றது. லோகோவின் ஆமையும் பைத்தனுக்குள் இன்னும் உயிரோடு இருக்கின்றது. விடுமுறை நாளில் அதைக் கொண்டு ஒரு மருதாணிக் கோலத்தின் வளைவுகளை வரைந்து பாருங்கள். மீள்செயல் என்றால் என்னவென்று கண்முன்னே தெரியும்.

இன்னொரு நன்மையை எம்மில் பலர் அறியாமல் இருக்கின்றோம். பைத்தன் 3 இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘விலை’, ‘முற்பணம்’, ‘மீதி’ என்று எழுதினால் பைத்தன் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மட்டுமே ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கட்டளைச் சொற்களும் தமிழில் அமைந்த ‘எழில்’ என்ற மொழி கூட இருக்கின்றது. திரையில் காட்டு என்பதற்கு அதில் ‘பதிப்பி’ என்று எழுத வேண்டும்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைத்தன் இலவசம். எஸ்தோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்பநிலையாளருக்கென உருவான ‘தொன்னி’ என்ற மென்பொருளும் இலவசம். அதை ஒரு தடவை பதிவிறக்கினால் பைத்தனும் கூடவே வந்துவிடும். பிறகு இணைய இணைப்பே தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் எந்த மாறிக்குள் என்ன பெறுமானம் இருக்கின்றது என்பதை அது பக்கத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். கணினி இல்லாதவர் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் பைட்ரொயிட் செயலியைப் பாவிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறிகளிலும் ஆரம்பநிலைப் பைத்தன் உண்டு.

எமது உண்மையான தடை

வாசல் இவ்வளவு தாழ்ந்திருந்தும் எம்மில் பலர் ஏன் உள்ளே நுழைவதில்லை? கணக்கு வராததாலா? நான் அப்படி நினைக்கவில்லை. இரசாயனவியல் சமன்பாடுகளையும் கணக்கியலின் ஐந்தொகையையும் சமப்படுத்தத் தெரிந்த பெண்பிள்ளைக்கு இந்தத் தர்க்கம் கடினமானதன்று. தடை மொழியில் இருக்கின்றது.

தமிழில் படித்து, பாய்ச்சற்கோட்டுப்படத்தைத் தமிழில் வரைந்து, தமிழிலேயே சிந்தித்து ஒரு செய்நிரலை எழுதுகின்றோம். ஓட விட்டதும் சிவப்பு எழுத்தில் ஆங்கில வழுச் செய்தி ஒன்று வருகின்றது. எந்த வரியில் பிழை, என்ன பிழை என்று அதில் தெளிவாகவே இருக்கின்றது. 2021 இல் வெளிவந்த பைத்தன் 3.10 முதல் அச்செய்திகள் இன்னும் எளிமையாகிவிட்டன. மூடாமல் விட்ட அடைப்புக்குறியைக் கூட இடம் சுட்டிக் காட்டுகின்றன. ஆனால் ஆங்கிலத்தைக் கண்டதும் எம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகின்றது. “எனக்கு இது சரிவராது” என்று மூடி வைப்பவர், தர்க்கத்தில் தோற்றவர் அல்லர். தனக்கு எழுதப்பட்ட கடிதத்தை வாசிக்க ஆளில்லாமல் நின்றவர்.

செயற்கை நுண்ணறிவின் உண்மையான பெறுமதி இந்த இடத்தில்தான் இருக்கின்றது. அந்தச் சிவப்பு எழுத்துக்களை அப்படியே ஒட்டி, “இந்த வழுச் செய்தியின் கருத்தைத் தமிழில் விளக்கு; திருத்தித் தர வேண்டாம்” என்று கேட்டுப் பாருங்கள். அது விளக்கும். புரியாவிட்டால், “சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவதை உதாரணமாக வைத்துச் சொல்லு” என்று மறுபடியும் கேட்கலாம். பத்தாவது தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. பிரத்தியேக வகுப்பில் நூறு பேர் நடுவே கை உயர்த்தக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடயம்! பட்டணத்தில் ஆங்கில மொழிமூலம் படிப்பவருக்கும் தூரத்து ஊரில் தமிழில் படிப்பவருக்கும் இடையே இருந்த மதில் இந்த ஓரிடத்திலாவது தாழ்ந்திருக்கின்றது.

இக்கருவிகளின் தமிழ் சில இடங்களில் பிசகுகின்றது. எமது பாடநூல் கலைச்சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்களைத் தருகின்றது. ‘செய்நிரல்’ என்பதை ‘நிரல்’ என்னும், ‘வழு’ என்பதைப் ‘பிழை’ என்னும். பரீட்சையில் எழுத வேண்டியது பாடநூலின் சொல் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

உம்மாவின் தையல் கொப்பி

எழுதிப் பார்ப்பதால் வரும் அறிவு எத்தகையது என்பதற்கு எங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கின்றேன். என் உம்மா தையல் செய்பவர். பெருநாள் நெருங்கும்போது சல்வார், அபாயா என்று ஓடர்கள் குவியும். யார் என்ன தைக்கத் தந்தார், கூலி எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதெல்லாம் ஒரு மொனிட்டர் கொப்பியில் இருக்கும். அதைச் செய்நிரலாக எழுதுவதை ஒரு பயிற்சியாக எடுத்துக்கொண்டேன்.

பைத்தனில் ஆரம்பநிலையாளர் எல்லோரும் சந்திக்கும் ஒரு புதினம் இதில் வருகின்றது. ஒருவர் தைக்கத் தந்த இரண்டு உடுப்புகளின் கூலி 1500, 500 என்று வைத்துக்கொள்வோம். அவற்றை விசைப்பலகையால் உள்ளிட்டுக் கூட்டினால் 2000 வர வேண்டும் அல்லவா? திரையில் 1500500 என்று வரும்! காரணம், விசைப்பலகையால் உள்ளிடும் எதையும் பைத்தன் முதலில் எழுத்துக்களின் சரமாகவே எடுத்துக்கொள்கின்றது. சரத்தோடு சரத்தைக் கூட்டினால் ஒன்றின் வாலில் மற்றொன்று ஒட்டிக்கொள்ளும். இதை எண் என்று நாம் மாற்றிச் சொன்னால்தான் கணக்குப் பார்க்கும். ‘தரவு வகை’ என்று பாடநூலில் உள்ள அரைப் பக்கத்தைப் பத்துத் தடவை மனனம் செய்வதை விட, இந்த 1500500 ஐ ஒரு தடவை கண்ணால் கண்டு ஏனென்று தேடுவது மேலானது. அதன் பிறகு மறக்காது. இதே வேலையைக் கருவியிடம் ஒப்படைத்திருந்தால் 2000 என்ற சரியான விடைதான் வந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியே என் மனதில் பிறந்திருக்காது.

அடுத்தது இதைவிட முக்கியமானது. எங்கள் ஒழுங்கையில் வாப்பாவை இழந்த பிள்ளைகள் சிலர் இருக்கின்றனர். அவர்களுடைய உடுப்புக்கு உம்மா கூலி வாங்குவதில்லை. கொப்பியிலோ அவர்களுடைய பெயருக்கு நேரே கூலியும் இருக்கும், மீதியும் இருக்கும். உம்மா அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். ‘மீதி உள்ளவர்களின் பெயரைக் காட்டு’ என்று ஒரு செய்நிரலுக்குச் சொன்னால் அவர்களையும் அது கடன்காரர் பட்டியலில் சேர்த்துவிடும். இது எங்கும் எழுதப்படாத நிபந்தனை. வீட்டுக்குள் இருக்கும் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டதைத் தரும் கருவிக்கு, கேட்க மறந்தது தெரியாது.

வழு காட்டாத வழு

செய்நிரலில் மூன்று வகை வழுக்கள் உண்டு என்று படிக்கின்றோம். தொடரியல் வழுவைக் கணினியே பிடித்துவிடும். இயங்குநேர வழு ஓடும்போது வெளிப்பட்டுவிடும். தர்க்க வழுதான் ஆபத்தானது. செய்நிரல் அழகாக ஓடும், விடையும் வரும். விடை மட்டும் பிழையாக இருக்கும்.

ஸகாத்தைக் கணிக்கும் செய்நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு நிஸாப் அளவை அடைந்து, ஒரு வருடம் பூர்த்தியாகியிருந்தால் அதில் 2.5 வீதம். பார்க்கப் போனால் ஒரே ஒரு நிபந்தனைக் கூற்று. ஆனால் ‘ஒரு வருடம்’ என்பது எந்த வருடம்? ஹிஜ்ரி வருடம் ஏறக்குறைய 354 நாட்கள். நாட்காட்டி வருடம் 365 நாட்கள். செய்நிரலில் 365 என்று எழுதப்பட்டிருந்தால் சிவப்பு எழுத்து எதுவும் வராது. ஒவ்வொரு வருடமும் பதினொரு நாட்கள் பிந்திக்கொண்டே போகும். 354 க்கும் 365 க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, மார்க்கமும் தெரிந்து செய்நிரலையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நாம் ஏன் இருக்கக் கூடாது?

இக்கருவிகள் விடயத்தை அறிந்து பதில் சொல்வன அல்ல. கணக்கற்ற எழுத்துக்களில் பயிற்றப்பட்டு, அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தமானது என்று கணித்துக் கோர்க்கின்றன. ஆகவே சரியானதையும் பிழையானதையும் ஒரே நிதானத்துடன், ஒரே அழகுடன் சொல்கின்றன. பைத்தனில் இல்லாத ஒரு செயலை இருப்பதாக எழுதிவிடுவதும் உண்டு. வாசித்துச் சரிபார்க்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

1843 இல் ஏடா லவ்லேஸ் என்ற ஆங்கிலேயப் பெண், அப்போது கட்டி முடிக்கப்படாத ஒரு கணிக்கும் பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகளில், பொறி தானாக எதையும் தோற்றுவிக்காது என்றும் எதைச் செய்விப்பது என்று நாம் அறிந்திருக்கின்றோமோ அதையே செய்யும் என்றும் விளக்கினார். இன்றைய பொறிகள் அவர் கண்டதை விட வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும், வந்தது அதுதானா என்று பார்க்கவும் ஒருவர் தேவை என்ற நிலை மாறவில்லை.

தடுத்துவிட்டால்?

“அப்படியானால் பரீட்சை முடியும் வரை இவற்றைத் தொடவே விடக்கூடாது” என்பார் சிலர். இந்தக் கருத்தையும் மதிக்கின்றேன். உயர்தரப் பரீட்சையில் பைத்தன் செய்நிரலைப் பேனாவால் தாளில் எழுத வேண்டும். அந்த மண்டபத்தில் எந்தக் கருவியும் பக்கத்தில் இருக்காது. ஒப்படைகளை எல்லாம் கருவி கொண்டு முடித்தவர் அங்கே வெறுந்தாளோடு இருக்க நேரும்.

ஆனால் தடை எல்லோரையும் ஒரே அளவில் தாக்காது. வீட்டில் படித்த நானாவோ ராத்தாவோ உள்ளவருக்கு, ஆங்கிலம் தெரிந்த வாப்பா உள்ளவருக்கு, மாதம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனி வகுப்புக்குப் போகக் கூடியவருக்குச் சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். இவை எதுவும் இல்லாத பிள்ளையின் கையிலிருந்துதான் தடை எதையோ பறிக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கின்றது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ‘சிஎஸ்50’ என்ற ஆரம்பநிலைக் கணினிப் பாடநெறியை இணையத்தில் இலவசமாகவும் நடத்துகின்றது. அவர்கள் 2023 இல் தமது மாணவருக்கென ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அறிமுகப்படுத்தினர். அதன் சின்னம் ஒரு வாத்து. அது விடையை நேரே தந்துவிடாமல், விடையை நோக்கி மாணவரை வழிநடத்தும் விதமாக அமைக்கப்பட்டது. தடுக்கவும் இல்லை, திறந்துவிடவும் இல்லை. நல்ல ஆசிரியை நடந்துகொள்வது போல நடந்துகொள்ளப் பழக்கினர். அந்த வாத்தை நாம் எந்தக் கருவிக்குள்ளும் உருவாக்கலாம். “நீ என் ஆசிரியை. செய்நிரலை எழுதித் தராதே. ஒரு தடவைக்கு ஒரு குறிப்பு மட்டும் தா” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அது பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

எந்த ஒழுங்கில்?

தோழியரே, நான் முன்வைக்கும் ஒழுங்கு சிறியது.

முதலாவது, கணினியைத் திறப்பதற்கு முன் உள்ளீடு என்ன, வெளியீடு என்ன, இடையில் என்ன நடக்கின்றது என்று கொப்பியில் தமிழில் எழுதுங்கள். பாய்ச்சற்கோட்டுப்படம் வரைய முடிந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, நீங்களாகவே எழுதி ஓட விடுங்கள். வழு வந்தால் அந்தச் செய்தியை ஒரு தடவையாவது சத்தமாக வாசியுங்கள். இருபது நிமிடம் முயன்றும் முடியாவிட்டால் மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, கேட்கும்போது விடையைக் கேட்காமல் விளக்கத்தைக் கேளுங்கள். “ஏன் 1500500 வந்தது?” என்பது நல்ல கேள்வி. “சரியாக எழுதித் தா” என்பது கேள்வியே அல்ல, கட்டளை.

நான்காவது, அது காட்டிய வரி எதுவானாலும் அதை மூடி வைத்துவிட்டு மறுபடியும் நீங்களே எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் தோழிக்கு விளங்கப்படுத்த முடியாத ஒரு வரியை உங்கள் பெயரில் சமர்ப்பிக்க வேண்டாம். மற்றவர் தைத்த உடுப்பை நான் தைத்தது என்று காட்டினால், ஓர் ஊசித் துளை மாறிப் போனாலும் பிரித்துத் தைக்கத் தெரியாது.

பெற்றோருக்கு

வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும் மரியாதையோடு சில வார்த்தைகள். பல வீடுகளில் ஒரு கணினிதான் இருக்கின்றது. அது நானாவின் அறையில் இருக்கின்றது. மகளுக்கு அது கிடைப்பது சமையலறை வேலை முடிந்த பிறகு, நானாவுக்குத் தேவையில்லாத நேரத்தில். கைத்தொலைபேசியை எடுத்தால், “யாரோட கதைக்கிற?” என்ற கேள்வி வருகின்றது. உங்கள் பயம் அன்பினால் வருவது என்பதை நாங்கள் அறிவோம். இணையத்தில் கெட்டது இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் செய்நிரலாக்கத்தைப் பார்த்துப் படிக்க முடியாது; செய்துதான் படிக்க வேண்டும். சமையல் குறிப்பை மனனம் செய்தவளுக்குப் பதம் தெரியாது. ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். கணினியை எல்லோரும் நடமாடும் மண்டபத்தில் வையுங்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலத்தை மகளுக்கு என்று ஒதுக்குங்கள். நான் மேலே சொன்ன தொன்னிக்கு இணையமே தேவையில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டே தரலாம். செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சாட்ஜிபிடியின் விதிமுறைப்படி 13 வயதுக்குக் குறைந்தவர் அதைப் பாவிக்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப்படுவது உங்களிடம்தான். பெயர், முகவரி, புகைப்படம், வீட்டு விடயம் எதையும் அதற்குள் இடக்கூடாது என்று மகளுக்கும் மகனுக்கும் ஒருசேரச் சொல்லி வையுங்கள்.

“கம்பியூட்டரே எழுதுதாம் தானே” என்று கேட்ட வாப்பாவுக்கு என் பதில் இதுதான். ஆம், எழுதுகின்றது. ஆனால் உம்மா யாரிடம் கூலி வாங்குவதில்லை என்பது அதற்குத் தெரியாது. ஸகாத்தின் வருடம் எது என்று அது சொன்னதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். நாளை எமது ஊரின் பாடசாலைக்கும் மருந்தகத்துக்கும் பள்ளிவாசலின் பைத்துல்மாலுக்கும் செய்நிரல்கள் வரத்தான் போகின்றன. அவற்றை வாசித்து, “இந்த வரி பிழை” என்று சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே இருக்க வேண்டும். அவர்களில் பெண்பிள்ளைகளும் இருக்க வேண்டும். அதற்கு முதல் வரியை நாங்களே எழுதத் தொடங்க வேண்டும்.